பேரீச்சம்பழத்துக்குப் போடும் வயது

திருப்பூர்–பல்லடம் சாலையில், வீரபாண்டிப் பிரிவில், காலை எட்டரை மணிக்குக் கால் மணி நேரம் நின்றால் போதும். கடந்த 40 ஆண்டுகளில் இந்த நாட்டில் விற்ற வண்டிகளில் ஒரு கண்காட்சியே கடந்து போகும். ஓட்டுபவரின் தலைக்கு மேல் பனியன் மூட்டை நிமிர்ந்து நிற்கும் டிவிஎஸ் 50. சாயப்பட்டறையிலிருந்து துணி ரோல்களை ஏற்றிக்கொண்டு காம்பாக்டிங்குக்குப் போகும் டாடா 407. கட்டிங் முடிந்த பீஸ்களைப் பவர் டேபிளுக்குக் கொண்டுபோகும் குட்டி யானை. செக்கிங் வேலைக்குப் பெண்களை ஏற்றிவரும் ஆம்னி. நூலாக வந்து, பெட்டியில் அடைபட்டுப் போகும்வரை ஒரு டி-ஷர்ட் ஏழெட்டு கூரைகள் மாறுகிறது. இந்த ஊரில் ஜாப் ஒர்க் என்பதே பாதி தையலும் பாதி வண்டியும்தான்.

இந்த வண்டிகளில் பலவற்றுக்கு ஆர்.சி. புக்கில் உள்ள வயது 15-ஐத் தாண்டிவிட்டது. சிலவற்றுக்கு 25. ஒருகாலத்தில் தெருவில் தள்ளுவண்டி வரும். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று குரல் கேட்கும். அதிலிருந்துதான் ‘உன் வண்டியைப் பேரீச்சம்பழத்துக்குப் போடு’ என்ற கேலி பிறந்தது. கேலியாக இருந்தது இப்போது அரசின் கொள்கை. என்ன, பேரீச்சம்பழத்துக்குப் பதிலாக ஒரு சான்றிதழ் தருகிறார்கள்.

2021 பிப்ரவரி 1-ல் நிதிநிலை அறிக்கையில் நிர்மலா சீதாராமன் பழைய வண்டிகளை உடைக்கும் இந்தக் கொள்கையை அறிவித்தார். மார்ச் 18-ல் நிதின் கட்கரி நாடாளுமன்றத்தில் விவரித்தார். ஆகஸ்ட் 13-ல் பிரதமர் தொடங்கிவைத்தார். திட்டத்தின் பெயரிலேயே ‘தன்னார்வ’ என்ற சொல் இருக்கிறது: யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை, சொந்த வண்டிக்கு 20 ஆண்டிலும் வாடகை வண்டிக்கு 15 ஆண்டிலும் தகுதிச் சோதனை, தேறாதவற்றை உடைக்கலாம், உடைத்தால் புது வண்டியின் விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை கிடைக்கும், சாலை வரியில் கொஞ்சம் சலுகையும் உண்டு. 20 வயது கடந்த இலகு ரக வாகனங்கள் 51 லட்சம் என்று அப்போது கணக்கும் சொன்னார்கள்.

பழைய வண்டிப் பிரியர்கள் அன்றே பதறினார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தும் விதியும் அந்த ஆண்டு ஜூலையிலேயே வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு நிறைந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் பிறந்த மேனியில் இருக்கும் வண்டி ‘விண்டேஜ்’. அதற்கு உடைப்பிலிருந்து விலக்கு. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். ‘விஏ’ என்ற எழுத்துகளுடன் தனி எண் பலகை. ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், பேரணிக்குப் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம்.

விண்டேஜ் கார் சங்கங்களில் பலர் இத்தோடு நிம்மதி அடைந்தார்கள். எனக்கு அந்த நிம்மதி புரியவில்லை.

விண்டேஜ் காராக எந்தக் காரும் ஷோரூமிலிருந்து வெளியே வருவதில்லை. முதல் பத்து ஆண்டு புது வண்டி. அதன் பிறகு நெடுங்காலம் வெறும் பழைய வண்டி. யாரும் திரும்பிப் பார்க்காத, விற்றால் விலை போகாத, வீட்டில் எல்லோரும் ‘இதை எப்பத்தான் தலைமுழுகப் போறீங்க’ என்று கேட்கிற நாற்பது ஆண்டுகள். அந்த நாற்பதையும் தாண்டிய பிறகுதான் அரசு சால்வை போர்த்துகிறது. எந்த வயதில் வண்டி உடைபட வாய்ப்பு அதிகமோ அந்த வயதில் காப்பு இல்லை. தப்பிப் பிழைத்த பிறகு காப்பு உண்டு. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நிற்கும் கார்களில் எத்தனையோ, யாரோ ஒருவர் பிடிவாதமாக விற்க மறுத்ததால் மிஞ்சியவை என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு வேடிக்கை. இந்த விண்டேஜ் விதி இருசக்கர வண்டிகளுக்கும் சொந்த உபயோகக் கார்களுக்கும் மட்டும்தான். பேருந்துக்கு இல்லை, லாரிக்கு இல்லை. அந்த அருங்காட்சியகம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்த ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித்தான் தொழிலைத் தொடங்கினார். அந்தப் பேருந்து இன்று ஓடும் நிலையில் கிடைத்தாலும் அது விண்டேஜ் ஆகாது. கொங்கு நாட்டின் மோட்டார் வரலாறே பஸ்ஸும் லாரியும் பட்டறையும்தான். சட்டத்தின் கண்ணுக்கு அரண்மனைக் கார்தான் தெரிந்திருக்கிறது. ‘பெரிய மாற்றம் செய்யப்படாதது’ என்ற நிபந்தனையும் அப்படியே. இந்தப் பக்கத்தில் அம்பாசடர் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் மெட்டடார் எஞ்சினை மாட்டித்தான் ஓட்டினார்கள். கோயம்புத்தூர் லேத்தில் கடைந்தெடுக்க முடியாத உதிரிபாகம் இல்லை என்று பெருமை பேசுகிற ஊர்களில், பிறந்த மேனியில் இருக்கும் வண்டியைத் தேடினால் கிடைக்குமா?

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். எதிர்ப்பாளர்கள் இதில் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். 15 ஆண்டு கடந்த காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் 5,000. இருசக்கரத்துக்கு 300-லிருந்து 1,000. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்தவற்றுக்குத் தனிக் கட்டணம் வந்தது: காருக்கு 10,000, இருசக்கரத்துக்கு 2,000, இறக்குமதிக் காருக்கு 80,000. புதுப்பித்தால் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். ஆக, ஒரு பழைய மாருதி 800-க்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் துணியை விலக்கித் துடைத்து ஓட்டும் ஒருவருக்கு இது பெரிய தொகையே இல்லை. பொழுதுபோக்குக்குச் செலவு செய்யத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் என்னிடம் மறுப்பும் இல்லை.

வாடகை வண்டியின் கதை வேறு. எட்டு வயதுக்கு மேல் அது ஆண்டுதோறும் எப்.சி. என்கிற தகுதிச் சோதனை காட்ட வேண்டும். 15 ஆண்டு கடந்த கனரக வண்டிக்கு அந்தக் கட்டணமே 2022-ல் 12,500 ஆனது. 2025 நவம்பரில் வயதுவாரியாகப் பிரித்து இன்னும் ஏற்றினார்கள். பட்டி பார்ப்பது, பெயிண்ட், டயர், புரோக்கர், நான்கு நாள் ஓடாத வாடகை எல்லாம் இதற்கு வெளியே. கட்டணம் என்ற பெயரில் வருவது சோதனைக்கான செலவு என்றால் வயது கூடக் கூட அது ஏன் கூடுகிறது? அதே பிரேக், அதே விளக்கு, அதே புகைக்குழாய். சோதிக்கிறவருக்கு வேலை கூடவில்லை. இது சோதனைக் கட்டணம் இல்லை, வயதுக்கு விதித்த அபராதம்.

அபராதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை டெல்லி காட்டிவிட்டது. அங்கே 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் என்ற வரம்பை பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-களில் போட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 அன்று அடுத்த படிக்குப் போனார்கள். பெட்ரோல் பங்க்குகளில் கேமரா வைத்து, வயது கடந்த வண்டிக்கு எரிபொருள் கிடையாது என்றார்கள். இரண்டே நாளில் டெல்லி அரசே இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று கடிதம் எழுதியது. பராமரிப்பில் குறையே இல்லாத, ஐம்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத காரும் அங்கே குப்பைதான். இரவு பகலாக ஓடிய நான்கு வயது டாக்ஸி யோக்கியமானது. ஆகஸ்ட் 12-ல் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றது. விசாரணையில் அன்றைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், முன்பெல்லாம் கார்களை 40, 50 ஆண்டுகள் வைத்து ஓட்டினார்களே என்று கேட்டார். டிசம்பர் 17-ல் டெல்லியின் குளிர்காலக் காற்று நீதிமன்றத்தை இன்னொரு முறை யோசிக்கவைத்தது: பிஎஸ்-4 புகைத் தரம் முதல் மேலே உள்ளவற்றுக்கு மட்டுமே பாதுகாப்பு, அதற்குக் கீழே உள்ளவற்றின் மீது நடவடிக்கை எடுக்கலாம்.

இந்தக் கடைசி உத்தரவு பழைய வண்டிப் பிரியர்களுக்குக் கசக்கும். ஆனால் கேள்வி சரியான திசைக்கு நகர்ந்திருப்பதை நான் கவனிக்கிறேன். வயது என்ன என்பதிலிருந்து, எந்தப் புகைத் தரத்துக்குக் கட்டப்பட்டது என்பதற்கு வந்திருக்கிறோம். இன்னும் ஒரு படி பாக்கி: இன்று, இந்த வண்டியின் குழாயில் என்ன வருகிறது?

2021-ல் அமைச்சர் கட்கரி வைத்த அறிக்கையே இதைத்தான் சொல்லியது, தெரிந்தோ தெரியாமலோ. பழைய வண்டிகள் ‘தகுதியுள்ள’ வண்டிகளைவிட 10 முதல் 12 மடங்கு மாசுபடுத்துகின்றன என்பது அதன் வாக்கியம். புதிய வண்டிகளைவிட என்று சொல்லவில்லை. பழையதுக்கு எதிர்ச்சொல் தகுதி என்று யார் முடிவுசெய்தது? எங்கள் பக்கத்து மெக்கானிக் ஒருவர் இதைவிடச் சுருக்கமாகச் சொல்வார்: “வயசக் கேட்டா வண்டி என்னத்தைங்க சொல்லும்? பொகையக் கேளுங்க.”

புகையைக் கேட்பது, குழாயைக் கேட்பது வேறு எந்த ஊருக்குப் புதிதோ, வீரபாண்டிக்குப் புதிதில்லை. நொய்யல் ஆறு என்ன நிறத்தில் ஓடியது என்று இங்கே நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாரம் எந்த நிறத்து ஆர்டர் ஓடியதோ அந்த நிறம். 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாகிப்போனது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஊர் வெறிச்சோடியது.

அந்த உத்தரவு கடுமையானது. ஆனால் எந்தப் பட்டறை எந்த ஆண்டு தொடங்கியது என்று அதில் யாரும் கேட்கவில்லை. 1975 மாடல் பட்டறையை மூடு, 2005 மாடலைத் திற என்று யாரும் சொல்லவில்லை. குழாயில் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக் கூடாது, வராது என்று காட்டினால் திறந்துகொள் என்பதுதான் நிபந்தனை. மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. வீரபாண்டி, ஆண்டிபாளையம், முருகம்பாளையம், அருள்புரம், சின்னக்கரை, கரைப்புதூர் என்று ஊர்ப் பெயரிலேயே சுத்திகரிப்பு நிலையங்கள் நிற்கின்றன. தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்பத் திறக்காத சிறு பட்டறைகளும் உண்டு. அவர்கள் கதை தனி. ஆனாலும் அளவுகோல் குழாயில்தான் வைக்கப்பட்டது. திருப்பூரின் ஏற்றுமதி இன்று 40,000 கோடி ரூபாயைத் தாண்டி நிற்பதற்கு, பழைய பட்டறைக்காரரும் திருந்திக்கொள்ள வழி இருந்ததும் ஒரு காரணம்.

எந்திரங்களிலும் அப்படித்தான். 1999 ஏப்ரலில் ஜவுளித் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் வந்தபோது உன் பழைய மிஷினை உடை என்று யாரும் சொல்லவில்லை. புது மிஷின் வாங்கினால் வட்டியில் 5 சதவீதத்தை நாங்கள் ஏற்கிறோம் என்றார்கள். கணக்குக் கட்டுப்படி ஆனவர்கள் மாறினார்கள். கட்டுப்படி ஆகாத வேறொரு காட்சியையும் இதே பல்லடம் சாலை பார்த்திருக்கிறது: கூலி போதாமல் விசைத்தறிகளைக் கழற்றி எடை போட்டு விற்ற காட்சி. இரும்பு விலைக்குப் போன தறியோடு அதை ஓட்டத் தெரிந்த கையும் போய்விடும்.

இனி, பழைய வண்டிப் பிரியர்களிடம் நான் பேச வேண்டியது. ‘குழாயைக் கேள்’ என்று சொல்கிறவர், குழாய் பதில் சொல்லும்போது கேட்கத் தயாராக இருக்க வேண்டும். 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ நேசிக்காத கொங்கு இளைஞன் இல்லை. ஆனால் அது டூ-ஸ்ட்ரோக். எரியாத பெட்ரோலும் ஆயிலும் புகையாக வெளியே வருவது அதன் பிறவிக் குணம். அந்த வாசனைக்கு நாம் உருகலாம், பின்னால் சைக்கிளில் வரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை உருக வேண்டியதில்லை. (சைலன்சரை அறுத்துவிட்டு ஊரை எழுப்புகிறவர்களை நான் பிரியர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.) நம் புகைச் சோதனை மையங்களின் லட்சணமும் தெரிந்ததுதான். பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும், டீசலில் புகையின் அடர்த்தியும் பார்க்கிறார்கள். நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகளையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அது அளப்பதே இல்லை. அளப்பதையும் வண்டி வராமலே அளந்து தரும் இடங்கள் உண்டு. எப்.சி. அன்று மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிப்போய், மறுநாள் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இந்த மாநிலத்தில் யாருக்குத் தெரியாது? வயது வரம்பை எதிர்க்கிறவர்கள் இந்தச் சோதனைகள் கடுமையாக வேண்டும் என்று அதே மூச்சில் கேட்காவிட்டால், அவர்கள் கேட்பது நியாயம் இல்லை, சலுகை.

அயல்நாடுகள் இதை எப்படிக் கையாண்டன? 2009-ல் அமெரிக்கா பழைய காருக்குப் பணம் கொடுத்து வாங்கி உடைத்தது. ஏறத்தாழ 300 கோடி டாலர், ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். எஞ்சினில் ஆயிலை வடித்துவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, இறுகிப்போகும்வரை ஓடவிட்டார்கள்; அந்த எஞ்சின் மறுபடி எங்கும் ஓடிவிடக் கூடாதே. பிரியர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்தத் திட்டத்தில்கூட 25 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சேர்க்கவில்லை. அவ்வளவு காலம் ஒருவர் வைத்திருக்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்ற மரியாதை. ஜெர்மனியும் அதே ஆண்டு வண்டிக்கு 2,500 யூரோ கொடுத்து உடைத்தது. அங்கேயே 30 வயதான வண்டியை நிபுணர் பார்த்து, நல்ல நிலையில் இருந்தால் ‘எச்’ எழுத்துடன் எண் பலகை தருகிறார்கள். அன்றாடம் ஓட்டவும் தடையில்லை. பிரிட்டனில் 40 ஆண்டு. உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பின் வரையறை 30. நாம் 50 என்று வைத்திருக்கிறோம். மனித ஆயுள் அங்கேதான் நீளம்.

யாழ்ப்பாணத்தை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. 1990-களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கண்ணில் படாமல் போனபோது அங்கே ஓடியவை பழைய ஆஸ்டின்களும் மோரிஸ்களும்தான். கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் விட்டுக் கிளப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை கண்ணை எரித்தது. ஆனாலும் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். கம்ப்யூட்டர் வைத்த எஞ்சின் அன்று இருந்திருந்தால் ஓரமாக நின்றிருக்கும். சாதாரணக் கையால் திறந்து சரிசெய்ய முடிகிற எந்திரம் ஒன்று ஊரில் இருப்பது எந்தக் காலத்துக்கு உதவும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேட்க வேண்டியவை எனக்குத் தெளிவாகவே இருக்கின்றன. விண்டேஜ் வயதை 30-க்கு இறக்குங்கள். பஸ், லாரி, சரக்கு வண்டிகளையும் அதில் சேருங்கள். வயதைப் பார்த்து ஏறும் கட்டணத்தை எடுத்துவிட்டு, அளவைத் தாண்டும் புகைக்கு அபராதம் போடுங்கள்; அது ஆறு மாத வண்டியாக இருந்தாலும் சரி. ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டியையும் ஐம்பதாயிரம் ஓடும் வண்டியையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

பாக்கி ஒன்று, அதுதான் பெரியது. டாடா ஏஸ் 2005-ல் வந்தது. குட்டி யானை என்று தமிழர்கள் பெயர் வைத்த அந்த வண்டியின் முதல் ஈட்டுக்கு இப்போது 20 வயது கடந்துவிட்டது. அதை வைத்திருப்பவர் பிரியர் இல்லை. சங்கம் இல்லை, பேரணி இல்லை. புது வண்டியின் விலை ஐந்து லட்சம் என்றால் உடைத்ததற்குக் கிடைக்கும் 4 முதல் 6 சதவீதம் 20,000 முதல் 30,000 ரூபாய். மிச்சத்துக்கு அவர் கடன்தான் வாங்க வேண்டும். அந்தக் கடனுக்கு வட்டியில் 5 சதவீதத்தை ஏற்கும் திட்டத்தை அவருக்கு யாரும் கொண்டுவரவில்லை. மிஷினுக்குக் கொடுத்ததை வண்டிக்குக் கொடுத்தால் என்ன? துணியை அது நெய்யாவிட்டாலும், அது இல்லாமல் துணி அடுத்த கூரைக்குப் போகாது.

வீரபாண்டியில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் நாளை எப்.சி. காட்ட வேண்டிய குட்டி யானை ஒன்று நிற்கிறது. புதிதாக அடித்த பெயிண்ட் இன்னும் காயவில்லை. முன்பக்க டயர் இரண்டும் இரவல். உரிமையாளர் தேறிடுமாங்க என்று மூன்றாவது முறை கேட்கிறார். மெக்கானிக் பதில் சொல்லாமல் பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைக்கிறார். கிரீஸுக்கு நடுவே அந்தத் துணியில் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் பாதி தெரிகிறது.